நாலு மணி டீ விருந்து: அடுப்பில் கொதிக்கும் பால் டீயா, மேசைக்கு வரும் கெட்டில் டீயா?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டுக்கு யார் வந்தாலும் டீ உண்டு. அப்புறம் எதற்கு அதற்கென்று ஒரு விருந்து என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வந்தவருக்கு டீ கொடுப்பதில் ஒரு சிரமமும் இல்லை. டீக்கென்றே எட்டுப் பேரை அழைக்கும்போதுதான் சிக்கல். வந்தவர்கள் ஹாலில் இருப்பார்கள், அழைத்தவர் அடுப்படியில் இருப்பார். "அண்ணி, நீங்களும் வந்து உட்காருங்க" என்று குரல் வரும். "இதோ, இன்னும் ஒரே ஒரு ஈடு பஜ்ஜிதான்" என்று பதில் போகும். அந்த ஈடு முடிவதற்குள் முதலில் வந்தவர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். அதனால் இங்கே நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: எந்த முறையில் அழைத்தவரும் உட்கார்ந்து தன் டீயைச் சூடாகக் குடிக்க முடிகிறது?

முதலில் பால் டீ. அதன் பலம் தூளில் இருக்கிறது. நாம் வாங்குவது பெரும்பாலும் சி.டி.சி. வகை. பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலையை விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டி எடுப்பது. இலை நன்றாக உடைபடுவதால் நிறமும் துவர்ப்பும் சட்டென்று இறங்கும். பாலுக்கும் இஞ்சிக்கும் ஈடுகொடுத்து நிற்கும். எட்டுப் பேருக்கு ஆளுக்கு 120 மில்லி என்று வைத்தால், அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான பாலும் அதே அளவு தண்ணீரும் போதும், சுண்டியது போகச் சரியாக வரும். செலவு குறைவு, யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனால் பால் டீ யாருக்காகவும் காத்திருக்காது. வடிகட்டிக் கொஞ்ச நேரத்தில் மேலே ஆடை கட்டிவிடும். பிளாஸ்கில் ஊற்றி வைத்தால் ஆடை கட்டாது, ஆனால் முக்கால் மணி கழித்துத் திறக்கும்போது டீ வாசத்துக்கு முன்னால் பால் வாசம்தான் வரும். நாலு மணிக்கு வருகிறேன் என்றவர் நாலே முக்காலுக்கு வருவது நம் ஊர் வழக்கம். அவருக்காக மறுபடி அடுப்பு, மறுபடி பொங்கப் பார்க்கும் பால். இதற்கு நடுவே சர்க்கரை வேறு. "எனக்குச் சர்க்கரை வேணாங்க", "எனக்குப் பாதி போதும்", "வெல்லம் இருந்தா போடுங்க" என்று மூன்று விதமாகக் கேட்பார்கள். வெல்லத்தைக் கொதிக்கிற பாலில் போட்டால் திரிந்துபோக வாய்ப்புண்டு. டிகாக்‌ஷனில் கரைத்து, இறக்கிய பிறகு பாலைச் சேர்ப்பதுதான் பாதுகாப்பு. ஆக மூன்று பாத்திரம், மூன்று கணக்கு. பரிமாறுகிறவருக்கு நாற்காலி எதற்கு?

இனி கெட்டில் டீ. கொதித்த தண்ணீரை இலைமேல் ஊற்றி மூடி, மூன்று நான்கு நிமிடம் கழித்து வடிகட்டி, பால், சர்க்கரை, எலுமிச்சையைத் தனித்தனியாக மேசையில் வைத்துவிடுவது. இந்த மாலை டீயை 1840 வாக்கில் இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு கோமகள் ஆன்னா தொடங்கி வைத்தார் என்பார்கள். அங்கே இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குத் தள்ளிப்போனது. நடுவில் வயிறு கேட்டது. மதியம் ஒன்றரைக்குச் சாப்பிட்டு ராத்திரி எட்டரைக்கு உட்காரும் நமக்கும் அதே பசிதான். அது பெரிய பசி இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை குறையும்.

இந்த முறைக்கு நீலகிரியின் முழு இலைத் தேயிலை நன்றாகப் பொருந்தும். 200 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் போதும். பால் சேர்க்காமல் குடித்தால் வாசனை அருமை. பால் சேர்த்தால் பரிதாபம். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "இது என்னம்மா, வெந்நீரா?" என்று கேட்கும் பெரியம்மா எல்லா வீட்டிலும் உண்டு, அவரைத் தவறு சொல்ல முடியாது. இன்னொன்று, நேரமானதும் இலையை எடுத்துவிட வேண்டும். கெட்டிலிலேயே ஊறவிட்டால் துவர்ப்பு இறங்கிக்கொண்டே இருக்கும், இரண்டாவது கப் கசாயமாகிவிடும்.

என் தேர்வு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: முறை கெட்டிலுடையது, தூள் நம்முடையது. சி.டி.சி. தூளில் திக்காக டிகாக்‌ஷன் இறக்கி ஒரு பிளாஸ்க், காய்ச்சிய பால் இன்னொரு பிளாஸ்க். சர்க்கரையும் வெல்லத்தூளும் கிண்ணங்களில். ஒரு மணி நேரம் சூடு நிற்கும், ருசி கெடாது, தாமதமாக வந்தவர் தானே கலந்துகொள்வார். யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்று நாம் விசாரிக்கவே வேண்டாம். சபையில் தன் சர்க்கரை நோயைச் சொல்ல அவருக்கும் சங்கடம் இருக்காது. முழு இலை டீயை ஏப்ரல், மே மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீலகிரித் தேயிலை ஆறினாலும் அவ்வளவாகக் கலங்காது, அதனால் ஐஸ் டீக்கு அதுதான் பொருத்தம். எலுமிச்சை பிழிந்து, பெங்களூரா மாங்காயைக் கீற்றாக நறுக்கி உப்பு மிளகாய்த்தூளோடு பக்கத்தில் வைத்தால் கிருஷ்ணகிரிக் கோடைக்கு வேறெதுவும் தேவையில்லை. பால் டீயோடு மட்டும் அந்த மாங்காயை வைக்காதீர்கள், இரண்டும் ஒத்துப்போகாது.

பலகாரத்தில் போட்டி கடுமையானது. பஜ்ஜியை ருசியில் எதுவும் வெல்லாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பஜ்ஜிக்கு ஆயுள் பத்து நிமிடம், முருங்கைக்கீரை போட்ட ராகி பக்கோடாவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். இரண்டுக்கும் ஒருவர் எண்ணெய்ச் சட்டி முன் நின்றாக வேண்டும். அளவுகோலின்படி இரண்டும் வெளியே. முந்தின நாளே செய்து டப்பாவில் போடக்கூடியவை உள்ளே வரட்டும்: ராகி முறுக்கு, ராகி லட்டு, கடலை உருண்டை. ராகியும் கடலையும் இந்த மண்ணில் விளைபவை, புதிதாகக் கிடைக்கும். மூன்றையும் ஒரே நாளில் வைக்க வேண்டாம், கடித்துக் கடித்தே தாடை வலிக்கும். இனிப்பில் ஒன்று, காரத்தில் ஒன்று, கூடவே மிருதுவாக ஒன்று.

அந்த மிருதுவான இடத்துக்கு சாண்ட்விச்சும் பன்னும் மோதுகின்றன. வெள்ளரிக்காய் சாண்ட்விச் பார்க்க அழகு. வெள்ளரியில் உப்பு பட்டதும் தண்ணீர் விடும், பிரெட் நனைந்து தொளதொளக்கும். உப்பு போட்டுப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்துவிட்டு, இரண்டு துண்டிலும் ஓரம் வரை வெண்ணெய் தடவினால் பிழைக்கும். வெண்ணெய் ஈரத்தை உள்ளே விடாது. புதினா மல்லிச் சட்னி தடவுவதாக இருந்தாலும் வெண்ணெய்க்கு மேல்தான். முக்கோணமாக வெட்டி, பிழிந்த ஈரத்துணியால் மூடி வைத்தால் ஒரு மணி நேரம் காயாது. வெள்ளைக்காரர்கள் டீயோடு வைக்கும் ஸ்கோன் என்ற சின்ன ரொட்டிக்கு ஓவன் வேண்டும். அது இல்லாத வீட்டில் பன்னைக் குறுக்கே அரிந்து, தோசைக்கல்லில் வெண்ணெய் போட்டு முகத்தைச் சிவக்க வைத்து மாம்பழ ஜாம் தடவுங்கள். மாம்பழக்கூழ் ஆலைகள் நிறைந்த மாவட்டத்தில் ஸ்ட்ராபெரி ஜாம் தேடிப் போவானேன்? இரண்டில் என் ஓட்டு பன்னுக்குத்தான். சாண்ட்விச்சைக் கையில் எடுக்கத் தயங்கும் தாத்தாகூட பன்னை ஒரு கை பார்த்துவிடுவார்.

பாத்திர விஷயம் சுருக்கமானது. எவர்சில்வர் டம்ளர் விரலைச் சுடும், டீயையும் சீக்கிரம் ஆற்றிவிடும். பேப்பர் கப் பற்றிப் பேச்சே வேண்டாம். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை, அழகும் கிடையாது. பீங்கான் கப்தான் சரி. எட்டும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து நான்கு வாங்கிக்கொண்டால் ஆயிற்று. சலவை செய்த பருத்தித் துணி ஒன்று, பித்தளைச் சொம்பில் நாலைந்து ஓசூர் ரோஜா. அதற்கு மேல் போனால் கல்யாண மண்டபம் ஆகிவிடும்.

இடம் மாதத்தைப் பொறுத்தது. டிசம்பர், ஜனவரியில் மொட்டை மாடி ஹாலைச் சுலபமாக வெல்லும். ஏப்ரலில் நாலு மணிக்கு மாடித் தரையில் கால் வைக்க முடியாது. சுற்றிலும் பாறைக் குன்றுகள் உள்ள ஊரில் அனல் அடங்க இருட்ட வேண்டும். அப்போது ஃபேனுக்குக் கீழே ஹால்தான். ஓசூர், தளிப் பக்கம் இருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், உங்களுக்குக் குளிர்க்காற்று வீட்டுக்கே வரும்.

எல்லாவற்றையும் பேக்கரியில் வாங்கிவிட்டால் என்ன? வேலைக்குப் போகிறவர் வார நாளில் அழைத்தால் அதுவே புத்திசாலித்தனம். அட்டைப் பெட்டியோடு மேசையில் வைக்காமல் தட்டுக்கு மாற்றுங்கள், கிரீம் கேக்கைத் தவிருங்கள். வெட்ட, துடைக்க, ஸ்பூன் தேட என்று மறுபடி எழுந்து ஓட வைப்பது அதுதான். வெறும் தேங்காய் பன்னும் ரஸ்க்கும் டீயோடு சேர்ந்தால் போதும்.

அக்டோபர் மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம், வந்திருப்பதும் நாலே பேர் என்றால் மேலே சொன்ன தீர்ப்பைத் தள்ளிவையுங்கள். அன்று பால் டீயும் பஜ்ஜியும்தான். நாற்காலிகளை அடுப்படிக்கே தூக்கி வந்துவிடுங்கள். ஒருவர் வெங்காயம் நறுக்கட்டும், ஒருவர் மாவு கரைக்கட்டும், சட்டியிலிருந்து எடுத்ததை நின்ற இடத்திலேயே ஊதி ஊதிச் சாப்பிடட்டும்.