மரக் கேபின் கிட் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

3,850 பவுண்டு. நம் ஊர்க் காசில் நாலு லட்சத்துக்கு மேல். "இந்த விஷயத்தை முடித்துவிட்டோம், இனி பதில் தரமாட்டோம்" என்று மரக் கேபின் கிட் விற்ற கடையிடமிருந்து இன்று காலை மெயில் வந்துவிட்டது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள் யாராவது பின்தோட்டத்தில் மரக் கேபின் போடும் யோசனையில் இருந்தால் முழுதும் படித்துவிடுங்கள். எங்கே ஏமாந்தேன், எப்படித் தப்பித்திருக்கலாம் என்று இரண்டையும் சொல்கிறேன்.

நாங்கள் மில்டன் கீன்ஸில் இருக்கிறோம். மகன் மிருதங்கம் பழகுகிறான். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர், அங்கே இருப்பவர் வயதானவர். அதனால்தான் தோட்டத்தில் 4 மீட்டருக்கு 3 மீட்டரில் ஒரு கேபின் போட நினைத்தோம். வேலியிலிருந்து 2 மீட்டருக்குள் வருவதால் உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதியைப் படித்து, அதற்குத் தகுந்த மாடலாகத் தேடினேன். கான்கிரீட் தளம் போட்டு, நானே ரசமட்டம் வைத்து நாலு மூலையும் பார்த்தேன். இத்தனை கவனமாக இருந்தவன் பணம் கட்டும் இடத்தில் கோட்டை விட்டேன்.

கிட்டை, அதாவது வாங்கி அடுக்கிக் கட்டிக்கொள்ளும் பலகைத் தொகுப்பை, ஆன்லைனில் விற்கிற ஒரு கடை. சந்தேகம் கேட்கப் போன் செய்தேன். எடுத்தவர் என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். "அண்ணா, தஞ்சாவூர்ப் பக்கமா? எனக்குக் கும்பகோணம்ணா." அப்புறம் இருபது நிமிஷம் பேசினோம். மகன் யாரிடம் பழகுகிறான் என்றுகூட விசாரித்தார். "மிருதங்கத்துக்கு 28 மில்லிமீட்டர் பலகை பத்தாதுண்ணா, சத்தம் வெளியே போயிடும். 44 எடுங்க. சூளையில காயவச்ச ஸ்ப்ரூஸ் மரம், அசையாது." விலை 4,050 பவுண்டு. கார்டு எண் சொல்லப் போனேன். "கிரெடிட் கார்டு வேணாம்ணா, பேங்க் டிரான்ஸ்ஃபர் பண்ணுங்க, நம்ம ஆளுக்கு 200 குறைச்சுக்கறேன்" என்றார்.

பணம் அனுப்பும்போது வங்கி ஆப் நிறுத்திக் கேட்டது: இவர்களை உங்களுக்குத் தெரியுமா, பொருளை நேரில் பார்த்தீர்களா? "ஆம்" என்று அழுத்தினேன். தெரிந்ததெல்லாம் அந்தத் தமிழ்க் குரல் மட்டும்தான். 3,850 பவுண்டு அந்த ஒரு தட்டில் போனது.

மூன்று வாரம் என்றது பத்து வாரம் ஆனது. மே கடைசியில் லாரிக்காரர் தெரு ஓரத்தில் கிட்டை இறக்கிவிட்டுப் போய்விட்டார். மேலே சுற்றிய பிளாஸ்டிக் கிழிந்து உள்ளே தண்ணீர் கோத்திருந்தது. பலகைகளில் நீலக் கறை. ஒரு பலகையின் முனையில் டேப் வைத்துத் தடிமன் பார்த்தேன். 44-க்குப் பதில் 34 மில்லிமீட்டர். இன்னொன்று, அதுவும் 34. ஈரப்பத மீட்டரை வைத்தால் 27 சதவீதம். 20-ஐத் தாண்டினாலே பூஞ்சை பிடிக்கும். நம் ஊர் ஆசாரி யாரும் இப்படிப்பட்ட பச்சை மரத்தில் கதவு செய்ய ஒப்பமாட்டார்.

அன்று சாயங்காலமே போன் செய்தேன். "44ங்கறது பேருக்குத்தாண்ணா, இழைச்சா குறையும்" என்றார். இழைத்தால் சில மில்லிமீட்டர் குறையும், பத்து மில்லிமீட்டரா குறையும்? "கவலைப்படாதீங்க, காஞ்சா சரியாயிடும், நம்ம ஃபிட்டர் ஒருத்தர அனுப்பறேன்." அதையும் நம்பினேன். அந்த ஆளுக்குக் கொடுத்த கூலி தனி, அதை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த ஃபிட்டர் செய்துவிட்டுப் போனதை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த மாதிரிச் சுவரில் பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். மரம் காயக் காய ஒவ்வொரு பலகையும் கொஞ்சம் சுருங்கும், மொத்தச் சுவரும் கீழே இறங்கும். அதனால் கதவு நிலையைப் பலகையோடு சேர்த்து முடுக்கவே கூடாது, நிலைக்கு மேலே இடைவெளி விட வேண்டும். அந்த ஆள் நிலை வழியாகப் பலகைகளில் நீள ஸ்க்ரூ அடித்துவிட்டார். ஆகஸ்டில் கீழ்ப் பலகைகள் இறங்கின, மேலே இருப்பவை நிலையில் மாட்டித் தொங்கின. நடுவில் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குச் சந்து. இப்போது அக்டோபர் மழை அதன் வழியாக உள்ளே வருகிறது. ஈரம் ஏறி மிருதங்கத்தின் வலந்தலை (வலது பக்கத் தோல்) தளர்ந்து சுருதி நிற்கவே இல்லை. பிள்ளை ஒன்றும் சொல்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டான்.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. மரம் இயற்கைப் பொருள், அசையத்தான் செய்யும் என்றார்கள். தளம் மட்டமாக இல்லாமல் இருக்கும், படம் அனுப்பு என்றார்கள். ரசமட்டத்தோடு படம் அனுப்பினேன். பராமரிக்கவில்லை என்றார்கள். முதல் வாரமே மரக்காப்பு மருந்து இரண்டு கை அடித்த ரசீதை அனுப்பினேன். 48 மணி நேரத்துக்குள் எழுத்தில் புகார் வரவில்லை என்றார்கள். போனில் சொன்னேனே என்றால், பதிவில் இல்லையாம். ஃபிட்டர் எங்கள் ஆள் இல்லையாம். கும்பகோணத்துக்காரரின் நேரடி எண்ணில் வேறு யாரோ எடுத்து, அவர் இப்போது இங்கே வேலையில் இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லி வைத்துவிட்டார். வங்கியைக் கேட்டால், பொருள் வந்திருக்கிறது, ஆகவே இது மோசடி இல்லை, வியாபாரத் தகராறு என்கிறார்கள். 3,850 பவுண்டுக்கு யாருமே பொறுப்பில்லை!

எப்படித் தப்பித்திருக்கலாம் என்றும் சொல்கிறேன் என்றேன், விரிவாகச் சொல்ல இப்போது பொறுமை இல்லை. இவற்றையாவது மறக்காதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையுள்ள பொருளுக்கு, 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம் 75-ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனமும் பொறுப்பு. டிரான்ஸ்ஃபருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, அந்த 200 பவுண்டு தள்ளுபடி எதற்கென்று இப்போது புரிகிறது. வந்த அன்றே பலகையை அளந்து பாருங்கள், ஈரம் பாருங்கள். குறை இருந்தால் ஒரு பலகையைக்கூட அடுக்காதீர்கள். 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் இடம் உண்டு, நான் அதை விட்டுவிட்டேன். போனில் பேசியதை உடனே மெயிலிலும் போடுங்கள். நிலையில் ஸ்க்ரூ அடிக்க விடாதீர்கள்.

கிட் வந்து எனக்கு இன்னும் ஆறு மாதம் முடியவில்லை. அதற்குள் தெரிந்த குறை முதலிலேயே இல்லை என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். 10,000 பவுண்டு வரை சிறு வழக்காகப் போடலாம், இன்று ராத்திரியே நோட்டீஸ் எழுதுகிறேன். இதே மாதிரி மாட்டியவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். மறுபடி தூறல் போடுகிறது, தார்ப்பாய் கட்டப் போகிறேன்.