நிராமயாவா, முதல்வர் காப்பீடா?

பிறவியிலேயே மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு, தமிழ்நாட்டில் இரண்டு அரசுக் காப்பீடுகள் முன்னிற்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு உரியது. பட்டியலில் உள்ள மருத்துவமனையில் கையிலிருந்து பணம் கட்டாமலே அறுவைச் சிகிச்சை பெறலாம். உச்சவரம்பு குடும்பம் முழுமைக்கும் 5 லட்சம் ரூபாய்.

மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டுத் திட்டமோ தனிநபருக்கானது. உச்சவரம்பு 1 லட்சம்தான். தொகையை மட்டும் பார்த்து இதை ஒதுக்கிவிடுவது தவறு என்பேன். இத்தகைய குழந்தையின் செலவு பெரும்பாலும் அறுவை அரங்கில் நிகழ்வதில்லை. வாரந்தோறும் இயன்முறைச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, வலிப்பு மாத்திரை எனச் சிறுகச் சிறுகக் கரைகிறது. புறநோயாளிச் செலவையும் பயிற்சிகளையும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உள்வரம்புகளுடன் ஏற்பதே நிராமயாவின் பலம். சேரும் முன் மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை, வயது வரம்பும் இல்லை. ஆனால் பணத்தை முதலில் நாமே கட்டி, மருத்துவரின் சீட்டு, முத்திரையிட்ட ரசீது ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பித்தான் திரும்பப் பெற வேண்டும். மருந்துக்கடை ரசீதைத் தேதி மங்கும் முன்பே நகலெடுத்து வைப்பது நல்லது.

நிராமயா ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டுமே. செவித்திறனின்றிப் பிறந்த குழந்தைக்கு அங்கே இடமில்லை. அக்குழந்தையின் உட்காதில் பொருத்தும் காக்ளியர் கருவிக்கு முதல்வர் காப்பீட்டை நாடலாம்.