மரத்தில் தொற்றி வளரும் கள்ளிக்கு எந்தக் கலவை? மட்டைத் துண்டா, கோகோபீட்டா, மணலா?

நிஷாகந்தி, கிறிஸ்துமஸ் கள்ளி, ரிப்சாலிஸ் மூன்றுமே கள்ளி இனம்தான், ஆனால் பாலைவனத்துக்கும் இவற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கிறிஸ்துமஸ் கள்ளிக்குச் சொந்த இடம் தென்கிழக்கு பிரேசிலின் கடலோர மலைக்காடு. அங்கே மரக்கிளைக் கவட்டையிலும் பாறை இடுக்கிலும் ஒரு பிடி இலைமக்கு சேர்ந்திருந்தால் போதும், அதில் வேர்விட்டு நின்றுவிடும். மழை பெய்தால் வேர் நனையும், மிச்சம் வழிந்தோடிவிடும், பிறகு காற்று உலர்த்தும். அதனால் எந்தக் கலவையைப் பார்த்தாலும் நான் முதலில் பார்ப்பது, தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகும் உள்ளே காற்றுக்கு இடம் இருக்கிறதா என்பதைத்தான். சத்து, பிஎச் (புளிப்பு அளவு) எல்லாம் அப்புறம்.

தோட்டத்து மண்ணைத் தொட்டியில் போடவே வேண்டாம், இறுகிவிடும். அடுத்து, பை மேலேயே 'கள்ளிக் கலவை' என்று போட்டு விற்கிறார்களே, அது. பெயரை நம்பி வாங்கி ஏமாறுகிறவர்கள் அதிகம். அதில் பெரும்பாலும் பீட் பாசியும் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) பொடி மணலும்தான் இருக்கும். மணல் சேர்த்தால் வடிகால் வரும் என்பது பரு மணலுக்குத்தான் பொருந்தும், பொடி மணல் இருக்கிற இடுக்கையும் அடைத்துவிடும். பீட்டுக்கு வேறொரு குணம் உண்டு: ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது, ஊற்றியது தொட்டி ஓரமாக இறங்கிக் கீழே வந்துவிடும், நாமும் செடி குடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். இந்தப் பைதான் கையில் இருக்கிறது என்றால் பாதிக்குப் பாதி மரப்பட்டைத் துண்டு கலந்து பயன்படுத்துங்கள்.

கோகோபீட்டும் (தேங்காய் நார்க்கழிவுத் தூள்) பெர்லைட்டும் (சூட்டில் பொரித்த லேசான வெள்ளை எரிமலைக்கல்) கலந்த கலவை மேல். பீட் மாதிரி புளிப்பு இல்லை, காய்ந்தாலும் எளிதாகத் திரும்ப நனையும். உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட வேண்டும். ஆனால் கோகோபீட் கண்ணை ஏமாற்றும். மேலே வெளுத்து உலர்ந்து தெரியும், இரண்டு விரல் ஆழத்தில் சொதசொதவென்று இருக்கும். என் நிஷாகந்தி ஒன்று தண்டு சுருங்கித் துவண்டபோது, தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேர் பழுப்பாகிக் கிடந்தது, லேசாக இழுத்தாலே மேல்தோல் உருவிக்கொண்டு வந்து உள்ளே மயிரிழை மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சியது. வேர் அழுகினாலும் தண்டு சுருங்கும், காய்ந்தாலும் சுருங்கும், அதுதான் இந்தச் செடிகளில் குழப்பமே. அதன் பிறகு குச்சியை அடிவரை செருகி எடுத்துப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றுவதில்லை. வெயிலும் காற்றும் அதிகமான இடம், அடிக்கடி ஊற்ற நேரமில்லை என்கிறவர்களுக்கு இந்தக் கலவை சரி, பெர்லைட் மட்டும் பாதிக்குக் குறையக் கூடாது.

என் ஓட்டு மட்டைத் துண்டுக் கலவைக்கு. தேங்காய் மட்டைத் துண்டோ ஆர்க்கிட் செடிக்குப் போடும் மரப்பட்டையோ 4 பங்கு, பெர்லைட் அல்லது ப்யூமிஸ் (துளைகள் நிறைந்த எரிமலைக்கல்) 2 பங்கு, அலசிய கோகோபீட் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. துண்டுகள் 1 முதல் 2 சென்டிமீட்டர் இருக்கட்டும். கையில் அள்ளி இறுக்கிப் பிடித்து விட்டால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும், உதிர்ந்தால் கலவை சரி. மட்டையா பட்டையா என்றால், மட்டை தன்னுள் அதிக ஈரம் வைத்துக்கொள்ளும், ஆனால் ஒரு இரவு ஊறவைத்து உப்பை வடிக்க வேண்டும். பட்டை மெதுவாகத்தான் நனையும், சீக்கிரம் உலர்ந்துவிடும், அதனால் கை ஓயாமல் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு. இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. மக்கும்போது நுண்ணுயிர்கள் நைட்ரஜனை எடுத்துக்கொள்வதால் செடி வெளிறும், வளரும் காலத்தில் உரத்தை நீர்க்கக் கரைத்து ஊற்ற வேண்டியிருக்கும். மக்கித் தூளானால் காற்று போய்விடும், ஆகவே 2, 3 வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்.

வெறும் ப்யூமிஸ், சுட்ட களிமண் உருண்டை மாதிரி கல் வகைகளிலும் வளர்க்கலாம். மக்காது, இறுகாது. ஆனால் சத்து மொத்தமும் நம் கையிலிருந்துதான் போக வேண்டும், நாலு நாள் வெளியூர் போனால் கவலையும் கூடவே வரும். ஸ்பாக்னம் பாசி தண்டு வேர்விடுவதற்கு அருமை, பெரிய தொட்டியை அதை மட்டும் வைத்து நிரப்பாதீர்கள்.

எந்தக் கலவையானாலும் தொட்டி அடியில் சரளைக்கல் பரப்பாதீர்கள். பொடிக் கலவையிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் சட்டென்று இறங்காது, ஈரம் தேங்கும் மட்டம் வேருக்குப் பக்கத்தில் மேலே ஏறிவிடும். கலவையையே அடிவரை நிரப்பி, வேர்ப்பந்தைவிட ஒரு விரல் மட்டும் அகலமான தொட்டியாக எடுங்கள். ரிப்சாலிஸுக்கு வேர் மெல்லியது, அதற்கு மட்டும் துண்டுகளைப் பாதி அளவுக்கு நறுக்கிக்கொள்கிறேன்.