கண்ணாடியில் மாறும் முகம்: ‘டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்’ (1931)

ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் 1886இல் வெளியிட்ட குறுநாவல் பலமுறை படமாகியிருந்தாலும், நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது பாரமவுண்ட் நிறுவனத்துக்காக ரூபன் மமூலியன் இயக்கிய படத்தைத்தான். தான் கண்டுபிடித்த மருந்தைக் குடித்து, ஹைட் என்ற கொடிய மனிதனாக மாறும் மருத்துவர் ஜெகிலின் கதை இது. தொடக்கத்தில் ஜெகிலின் முகம் நமக்குக் காட்டப்படுவதில்லை. ஆர்கன் கட்டைகளில் ஓடும் கைகளையும், தொப்பியை எடுத்து நீட்டும் பணியாளரையும் அவருடைய கண்கள் வழியாகவே பார்க்கிறோம். வெளியே புறப்படுமுன் அவர் கண்ணாடி முன் நிற்கும்போதுதான் நடிகர் ஃபிரெட்ரிக் மார்ச் தெரிகிறார். (படத்தில் எல்லோரும் ‘ஜீக்கில்’ என்றே உச்சரிக்கிறார்கள்.) பின்னர், மருந்தைக் குடித்துவிட்டு அவர் மீண்டும் கண்ணாடியைப் பார்க்கும்போது, மாறுவது நம் முகமோ என்று திடுக்கிட வைப்பது இந்த முன்னேற்பாடுதான்.

வெட்டு ஏதுமின்றி அந்த முகம் கறுக்கும் விதத்தை மமூலியன் நெடுங்காலம் வெளியில் சொல்லவில்லை. கேமராவின் முன் வைக்கும் சிவப்பு ஒளி வடிகட்டி (ஃபில்டர்) வழியே பார்த்தால் சிவப்பு ஒப்பனை தெரியாது. வடிகட்டியின் நிறத்தை மாற்றினால் அதே கோடுகள் கருமையாக எழும். படம் கறுப்பு வெள்ளை என்பதால், ஒளிப்பதிவாளர் கார்ல் ஸ்ட்ரஸ் செய்த நிறமாற்றம் பார்வையாளருக்குப் புலப்படுவதில்லை. பின்னணியில் கேட்கும் துடிப்பு, இயக்குநர் மாடிப்படி ஏறி இறங்கிவிட்டுப் பதிவுசெய்த தம் இதய ஒலியே.

முதன்முதலில் தெருவுக்கு வரும் ஹைட், மழையில் முகத்தை நிமிர்த்தி மகிழ்கிறான். அந்தக் கணத்தில் அவன்மீது வெறுப்பு வரவில்லை என்பதே அச்சமூட்டுகிறது. ஹைட்டிடம் சிக்கிய மதுவிடுதிப் பாடகி ஐவியாக நடித்த மிரியம் ஹாப்கின்ஸ், அவன் அடித்த சாட்டைத் தழும்புகளுடன் ஜெகிலிடம் சென்று அடைக்கலம் கேட்கிறார். அங்கே அவர் அழுது சொன்ன சொற்களையே பிறகு ஹைட் ஏளனமாகத் திருப்பிச் சொல்லும் காட்சியைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்க்க முடிகிறது. மார்ச்சுக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருது, வாலஸ் பீரியுடன் பகிர்ந்து கிடைத்தது.

மணப்பெண் மியூரியலுடனான காதல் காட்சிகள் மேடை நாடகத்தனமானவை. ஹைட்டின் பொய்ப்பற்களும் சில இடங்களில் பேச்சை விழுங்கிவிடுகின்றன. ஆனாலும், திருமண அறிவிப்பு விருந்துக்குச் செல்லும் வழியில், பறவையைப் பூனை பிடிப்பதைப் பூங்காவில் காணும் ஜெகில், மருந்தே இல்லாமல் ஹைட்டாக மாறும் காட்சிக்காக இக்குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

1936ஆம் ஆண்டு மறுவெளியீட்டின்போது தணிக்கை விதிகளுக்காக வெட்டப்பட்ட பிரதியைத் தவிர்த்து, ஏறத்தாழ 98 நிமிடங்கள் ஓடும் பிரதியைத் தேடிப் பார்ப்பது நல்லது; ஐவியின் அறையில் நடக்கும் காட்சி அதில்தான் முழுமையாக இருக்கிறது.