கண்ணாடியில் தீட்டிய நிழலுருவங்கள்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஆன்லைன் ஏலங்களில் "பழங்கால சிலூயட்" (உருவத்தைக் கறுப்பு நிழலாகக் காட்டும் படம்) என்று வரும் வளைந்த கண்ணாடிப் படங்களில் பல, 1930களிலும் அதற்குப் பின்னும் அமெரிக்காவின் மிச்சிகனில் பெண்டன் கிளாஸ் போன்ற நிறுவனங்கள் விற்ற அலங்காரப் படங்கள். குடை பிடித்த பெண், தோட்டத்தில் ஜோடி என்று ஒரே படம் பல வீடுகளில் இருக்கும். சுவருக்கு அழகுதான், விலையும் குறைவு. ஆனால் அவை ஒரு குறிப்பிட்ட மனிதரைப் பார்த்துத் தீட்டிய உருவப்படங்கள் அல்ல.

உருவப்படம் வேண்டுமென்றால் 18ஆம் நூற்றாண்டின் இறுதி இங்கிலாந்துக்குப் போக வேண்டும். லண்டன் ஃப்ளீட் தெரு 27ஆம் எண்ணில் தொழில் நடத்திய இசபெல்லா பீதம்தான் இதில் முதலிடம். குவிந்த கண்ணாடியின் உட்புறத்தில் தீட்டுவார். பின்னால் மெழுகோ, பிளாஸ்டரோ, அட்டையோ இருக்கும். கண்ணாடிக்கும் பின்தளத்துக்கும் இடையே இடைவெளி இருப்பதால் தீட்டிய கோட்டின் நிழல் பின்னால் விழுகிறது. முகம் அடர் கறுப்பு. சுருள்முடியும் ரிப்பனும் மஸ்லின் துணியும் நீர்த்த மையில், துணிக்குள் துணி தெரியும்படி. பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் கோடு தடுமாறாது. இந்த நுணுக்கத்துக்காகவே மற்றவர்களைவிட அதிக விலை கொடுக்கலாம்.

போர்ட்ஸ்மவுத்தின் ஜான் லீ புள்ளி புள்ளியாக மெல்லிய மை வைத்துக் கடற்படை அதிகாரிகளைத் தீட்டியவர். மென்மையான வேலை. பாத் நகரத்து சார்லஸ் ரோசன்பர்க் இதற்கு நேர் எதிர்: கெட்டிக் கறுப்பு, ராணுவத்தார் என்றால் சிவப்புச் சட்டை. தூரத்திலிருந்து பார்க்க இதுதான் எடுப்பு.

பழுதில் மெழுகு வெடிப்பே அதிகம். வெப்பம் மாறி மாறிப் பட்டால் மெழுகு சுருங்கி விரிசல் விடும். படத்தைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். உருவத்தை விட்டு விரிசல் நகர்ந்தால் அது பின்தளத்தில் இருக்கிறது, தாராளமாக வாங்கலாம். உருவத்தோடு ஒட்டியே நின்றால் மையிலோ கண்ணாடியிலோ இருக்கிறது. முகத்தில் மை உதிர்ந்திருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். பிற்காலத்தில் பூசிய புது மை சாய்ந்த ஒளியில் வேறு பளபளப்போடு தனியே தெரியும்.

பின்புறம் ஓவியரின் அச்சிட்ட லேபிள் இருந்தால் அதன் ஓரத்தைக் கவனியுங்கள். சுற்றியுள்ள தாளின் பழுப்பும் அதன் பழுப்பும் ஒத்துப்போகாவிட்டால் வேறு படத்திலிருந்து எடுத்து ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. படத்தின் பின்புறத்தை மூடி ஒட்டிய பழைய தாளைப் பிரித்துப் பார்க்க விற்பவரைக் கேட்காதீர்கள். பிரித்தால் சான்றும் போகும், உள்ளே தூசியும் ஏறும்.

கண்ணாடியின் வெளிப்புறத்தை உலர்ந்த மென்துணியால் மட்டும் துடையுங்கள். நீரோ ஸ்ப்ரேயோ அடித்தால் சட்டத்தின் ஓரம் வழியே உள்ளே கசிந்து மையைக் கரைத்துவிடும். வெயில் விழும் சுவரும் அடுப்படிச் சுவரும் இதற்கு ஆகாது.