மத்திய வீதியில் மீண்டும் கட்டிய கணக்குக் கொப்பி

திருகோணமலை மத்திய வீதியில் ஒரு முதியவர் தனியாக நடத்தும் சிறிய புத்தகக் கட்டுக்கடையில், எங்கள் பூட்டியின் கணக்குக் கொப்பியைச் செப்பனிடக் கொடுத்தேன். ஐந்து வாரங்களுக்குப் பின் அது கையில் கிடைத்தபோது அடைந்த நிறைவினாலேயே இதை எழுதுகிறேன்.

பூட்டி நாகபட்டினத்தில் 1934 இல் கணவனை இழந்தவர். அப்போது அவருக்கு நான்கு பிள்ளைகள். விதவைக்குக் கணவனின் சொத்தில் ஆயுட்காலப் பங்கு அளித்த சட்டம் 1937 இல்தான் வந்தது. அதுவும் அதற்கு முன்னரே இறந்தவர்களின் சொத்துக்குப் பொருந்தவில்லை. ஆகவே நிலம் கணவனின் தமையன் பொறுப்பில் இருக்க, அவர் அளந்து கொடுத்த ஜீவனாம்ச நெல்லோடு, அப்பளம் இட்டும் இலை தைத்தும் பூட்டி பிள்ளைகளை வளர்த்தார். விதவை எதிரே வந்தால் சகுனத் தடை என்று எண்ணிய காலம் என்பதால், அப்பளக் கூடையைக் கடைகளுக்குச் சுமந்து சென்றவள் பத்து வயது மகள். ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தி கீறிக் கணக்கெழுதியதும் அவளே. பூட்டிக்கு எழுதத் தெரியாது. நூறு அப்பளம் இட்டு முடித்த ஒவ்வொரு தடவையும் பக்கத்தின் ஓரத்தில் ஒரு மைப்புள்ளி வைத்தார். அந்தக் கொப்பியில் அவருடைய கையால் ஆனவை அந்தப் புள்ளிகள் மட்டுமே.

முன்னர் வேறொரு கடையில் கொடுத்தபோது, கேட்காமலே முதல் இரண்டு தாள்களை லேமினேட் செய்துவிட்டார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் உரிக்க முடியாது. அந்த இரண்டு பக்கங்களும் இனி அப்படியேதான். அந்தப் பயத்துடன் போன என்னிடம் இந்த முதியவர் கொப்பியை விரித்துப் பார்த்துவிட்டு, “பிள்ளை, ஓரம் வெட்டினால் வடிவாகத்தான் இருக்கும், ஆனால் இந்தப் புள்ளியெல்லாம் போய்விடுமே” என்றார். நான் இன்னும் புள்ளிகளைப் பற்றிச் சொல்லியே இருக்கவில்லை.

பழைய நூலைப் பிரித்து, தாள்களை மென்தூரிகையால் துடைத்து, கிழிசல்களில் மெல்லிய தாளை மாப்பசையால் ஒட்டி, பருத்தி நூலால் கையாலேயே தைத்திருக்கிறார். முதுகுப்பக்கத்தில் துணிப்பட்டி கொடுத்துத் தைத்திருப்பதால் கொப்பி மேசையில் தட்டையாக விரிகிறது. முன்பு தையலுக்குள் மறைந்திருந்த உள்ளோரப் புள்ளிகளையும் இப்போது எண்ண முடிகிறது. 1936 ஆம் ஆண்டு ஆனி மாதப் பக்கம் ஒன்றில் பதினேழு புள்ளிகள் உள்ளன. அதே பக்கத்தின் செலவுப் பத்தியில் ‘பெரியவன் பள்ளிக்கூடச் சம்பளம்’ என்று மகளின் கோணல் எழுத்து நிற்கிறது.

அந்தப் பெரியவன்தான் என் அப்பப்பா. 1941 இல் இங்கே துறைமுக வேலைக்கு வந்தவர். அதன் பிறகு மாதந்தோறும் ‘திருகோணமலை மணியார்டர்’ வரவில் இருக்கிறது. ஜப்பானிய விமானங்கள் இந்நகரில் குண்டு வீசிய 1942 ஏப்ரலில் மட்டும் இல்லை. அந்த மாதப் பக்கத்தின் ஓரம் புள்ளிகளால் நிறைந்திருக்கிறது. அந்த ஓரத்தை வெட்டாமல் காத்த கைக்கு நான் கொடுத்த 4500 ரூபா பெரிய தொகை அல்ல.

குறை ஒன்றுண்டு. கணினியில் எடுத்துத் தந்த பிரதியில் பென்சில் எழுத்துகள் மங்கிவிட்டன. மறுபடி வண்ணத்தில் எடுக்கும்படி கேட்க வேண்டியிருந்தது, அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை. சொன்ன மூன்று வாரம் ஐந்தாகியதையும் அவசரக்காரர் கவனிக்க வேண்டும். கொடுக்கும்போது எந்தப் பக்கத்தில் என்ன குறி உள்ளது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதை முழுவதும் படித்த பிறகே அவர் நூலைப் பிரிக்கிறார்.