கண்ணாடிக் குடுவையில் வரும் லக்கி பாம்பூ: வாங்கலாமா?

கூழாங்கற்கள் நிரப்பிய கண்ணாடிக் குடுவையில் விற்கப்படும் இந்த லக்கி பாம்பூ, மத்திய ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட டிராசீனா வகைச் செடி என்பதால், வெயில் நேராக விழாத, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள அறையில் வைத்தாலே செழித்து வளர்கிறது. தண்டுகள் கெட்டியாக இருந்தன; கற்களை விலக்கிப் பார்த்தபோது வேர்கள் செம்மஞ்சள் நிறத்தில் இருந்தது மகிழ்ச்சியளித்தது, ஏனெனில் அதுவே செடி நலமாக இருப்பதன் அடையாளம்.

உடன் வந்த குறிப்புச் சீட்டுதான் பெரிய குறை. குளோரினும் ஃபுளோரைடும் கலந்த குழாய்நீர் இலை நுனிகளைக் கருகச் செய்யும் என்பதையும், ஃபுளோரைடு கொதிக்க வைத்தாலும் நீங்காது என்பதால் மழைநீரோ ஆர்.ஓ. நீரோ சிறந்தது என்பதையும், அந்த நீரை வாரம் ஒருமுறை முழுவதுமாக மாற்ற வேண்டும் என்பதையும் அதில் அவசியம் அச்சிட்டிருக்க வேண்டும். பூனையோ நாயோ இலையைத் தின்றால் நஞ்சாகும் என்ற எச்சரிக்கைகூட இல்லாதது மிகவும் வருத்தத்திற்குரியது.

தண்டுகளைச் சேர்த்துக் கட்டியிருந்த கம்பி, பச்சைத் தோலில் அழுந்தித் தடம் பதித்திருந்தது. வாங்கியவுடன் அதைத் தளர்த்திவிடுவது நல்லது. மஞ்சளாகிப்போன தண்டு மீண்டும் பசுமையாகாது. அதை உடனே அகற்றினால்தான் மற்றவை தப்பிக்கும். குடுவையின் வாய் அகலமாக இருப்பதால் கழுவுவதில் சிரமமில்லை.